முத்திரை போட்ட படிக்கல்

(வாசகர் கேள்விகளுக்கு ஓய்வுபெற்ற ஆயர் ஒருவரின் பதில்கள்)

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைச் சுற்றியே இருந்தன. சாட்சியாக வாழ்வது எப்படி, நம்மைப் பார்க்கிறவர்களுக்கு நம் விசுவாசம் தெரிகிறதா, தெரியத்தான் வேண்டுமா என்று ஆளுக்கொரு விதமாகக் கேட்டிருக்கிறீர்கள். அதனால் வேத சந்தேகங்களை அடுத்த மாதத்துக்கு ஒதுக்கிவிட்டு இவற்றை எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: நான் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை செய்கிறேன். தினமும் காலையில் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் ஒரு வசனம் போடுவேன். கூட வேலை செய்பவர்கள் "பாஸ்டர் வந்துட்டார்" என்று கேலி செய்கிறார்கள். போடுவதை நிறுத்தினால் கர்த்தரை மறுதலித்ததாக ஆகுமா? (வாசகர், பெங்களூரு)

பதில்: ஆகாது தம்பி. போடுவதிலும் தவறில்லை.

மலைப்பிரசங்கத்தில் ஆண்டவர் ஒரு இடத்தில், "மனுஷர் உங்கள் நற்கிரியைகளைக் கண்டு, பரலோகத்திலிருக்கிற உங்கள் பிதாவை மகிமைப்படுத்தும்படி, உங்கள் வெளிச்சம் அவர்கள் முன்பாகப் பிரகாசிக்கக்கடவது" என்கிறார் (மத்தேயு 5:16). அடுத்த அதிகாரத்தின் முதல் வசனத்திலேயே, "மனுஷர் காணவேண்டுமென்று" தர்மம் செய்யாதிருக்க எச்சரிக்கையாயிருங்கள் என்கிறார். இறையியல் கல்லூரியில் சேர்ந்த புதிதில் இது என்னைக் குழப்பியது. காட்டச் சொல்கிறாரா, மறைக்கச் சொல்கிறாரா? பிறகுதான் ஒன்றைக் கவனித்தேன். முதலில் சொன்ன 5:16-ல் மனுஷர் காண்பது நற்கிரியைகளை. வசனங்களை என்று அவர் சொல்லவில்லை. பார்த்தவர்கள் புகழ்வதும் பிதாவையே, செய்தவரை அல்ல.

ஆகவே ஸ்டேட்டஸ் பேச்சு ஒருபக்கம் இருக்கட்டும். ஆட்டோவில் போய்விட்டு டாக்ஸிக்குப் பில் வைக்கிறீர்களா? டைம்ஷீட்டில் எழுதுகிற ஒன்பது மணி நேரம் உண்மையில் ஒன்பது மணி நேரம்தானா? உங்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்த பிள்ளை இரவெல்லாம் உட்கார்ந்து முடித்த வேலையை, மறுநாள் மேலதிகாரியிடம் யார் பெயரில் சொல்கிறீர்கள்? உங்கள் ஸ்டேட்டஸைப் பார்க்கிறவர்கள் இதையும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். இவை சரியாக இருந்தால் கேலியைத் தாங்கிக்கொண்டு தாராளமாக வசனம் போடுங்கள். சரியாக இல்லையென்றால் கொஞ்ச நாள் நிறுத்திவைத்து, முதலில் இவற்றைச் சரி செய்யுங்கள்.

கேள்வி: உடன்குடிப் பக்கம் கருப்பட்டி மொத்த வியாபாரம் செய்கிறேன். பதநீர் காய்ச்சும்போதே சீனி கலப்பது இப்போது பல இடங்களில் நடக்கிறது. சுத்தக் கருப்பட்டியின் விலையைச் சொன்னால் வெளியூர் வியாபாரிகள் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். "எல்லாரும் கலக்குறாங்க, வாங்குறவனுக்கும் தெரியும், இதுல என்ன பாவம்?" என்கிறான் என் தம்பி. வருஷா வருஷம் ஆலய அசன விருந்துக்கு அரிசி மூட்டை கொடுக்கிறவன் நான். மனசு உறுத்துகிறது. என்ன செய்யட்டும் ஐயா? (பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்)

பதில்: அண்ணாச்சி, நம் பக்கம் கடைக்காரரை வயது பார்க்காமல் அப்படித்தானே அழைக்கிறோம், நானும் அப்படியே அழைக்கிறேன். நான் பிறந்ததும் ஒரு கருப்பட்டிக் கடை வீட்டில்தான், அதனால் உங்கள் கணக்கு எனக்குத் தெரியும். விடியும் முன்னே பனையேறிப் பாளை சீவி, சுண்ணாம்பு தடவிய கலயத்திலிருந்து பதநீர் இறக்கி, விடிலி என்கிற ஓலைக் குடிசையில் புகைக்கு நடுவே மணிக்கணக்காகக் காய்ச்சி, சிரட்டையில் ஊற்றி எடுக்கிறார்கள். எட்டு, பத்து லிட்டர் பதநீருக்கு ஒரு கிலோ தேறினால் பெரிது. பக்கத்துக் கடையில் சீனி அதைவிட எவ்வளவோ மலிவாகக் கிடைக்கும்போது கை நீளத்தான் பார்க்கும். உங்கள் உறுத்தலை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை.

தம்பி சொல்வதில் ஒரு பிழை இருக்கிறது. வாங்குகிறவனுக்குத் தெரியும் என்கிறார். மொத்த வியாபாரிக்குத் தெரியும், சரி. பேத்தி வயதுக்கு வந்ததும் உளுந்தங்களி கிண்ட வேண்டும் என்று சென்னையில் ஒரு கடையில் அதை வாங்குகிற பாட்டிக்குத் தெரியுமா? மருமகளுக்குப் பிள்ளைபெற்ற மருந்து இடிக்க வாங்குகிறவருக்குத் தெரியுமா? உடம்புக்கு நல்லது என்று நம்பித்தான் சீனியைவிடப் பல மடங்கு விலை கொடுக்கிறார்கள். அந்த நம்பிக்கைக்குத்தான் காசு வாங்குகிறோம். கலந்ததைச் சுத்தம் என்று விற்பது சட்டப்படியும் குற்றம் என்பது உங்களுக்கே தெரியும்.

எங்கள் அப்பா கடையில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். அப்போது எனக்குப் பதின்மூன்று வயது. கடையில் ஐந்து கிலோ இரும்புப் படிக்கல் ஒன்று உண்டு. அந்தக் கல்லில் ஒரு குழி இருக்கும். அதில் ஈயத்தை அடைத்து, ஈயத்தின் மேல் அரசு முத்திரை குத்தியிருப்பார்கள். ஒரு தடவை முத்திரை புதுப்பிக்க எடுத்துப் போனபோது ஈயம் கழன்று விழுந்துவிட்டிருந்தது தெரிந்தது. எப்போது விழுந்தது, எத்தனை மாதம் அந்தக் கல்லில் எடை போட்டோம், எதுவும் தெரியாது. ஐந்து கிலோவுக்கு ஒரு சின்ன வில்லைக் கருப்பட்டி அளவு குறைவு, அவ்வளவுதான். புதிய ஈயம் அடைத்து முத்திரை குத்தி வாங்கி வந்தாயிற்று. யாருக்கும் தெரிந்திருக்காது.

அன்று ராத்திரி குடும்ப ஜெபத்தில் அப்பா நீதிமொழிகள் 11-ஐ எடுத்தார். "கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பானது, சுமுத்திரையான நிறைகல்லோ அவருக்குப் பிரியம்." அந்த ஒரு வசனத்தை வாசித்துவிட்டு வேதத்தை மூடிவிட்டார். மறுநாள் பற்று நோட்டை எடுத்துக்கொண்டு, என் தலையில் ஓலைப்பெட்டியை ஏற்றி, மொத்தமாக எடை போட்டு வாங்கிய வீடு ஒவ்வொன்றுக்கும் கூட்டிப் போனார். "கல்லு குறைவா இருந்திருக்கு, எத்தனை தடவைன்னு தெரியல, இதை வச்சுக்கிடுங்க" என்று நாலு நாலு வில்லையாகக் கொடுத்தார். எனக்கு அவமானம் பிடுங்கித் தின்றது. பள்ளிக்கூடத்துப் பையன்கள் தெருவில் நின்று பார்த்தார்கள். ஒரு வீட்டில், "அப்ப இத்தனை நாளும் ஏமாத்திட்டுத்தான் இருந்தீரா?" என்று சத்தமாகவே கேட்டார்கள். "ஆமா, தெரியாம" என்றார் அப்பா.

எங்கள் வாடிக்கைக்காரர்களில் ஒரு பாய் இருந்தார். எப்போதும் அவரே கடைக்கு வந்து, தராசு முள்ளை உற்றுப் பார்த்துத்தான் வாங்குவார். அந்த வாரத்துக்கு அடுத்த வாரம் அவர் வரவில்லை. ஏழு வயது மகனைக் கையில் காசு கொடுத்து அனுப்பியிருந்தார். அதன் பிறகு எப்போதுமே அந்தப் பையன்தான் வந்தான். அப்பா அவரிடம் ஒரு நாளும் வேதத்தைப் பற்றிப் பேசியதில்லை. ஆனால் இன்று "வெளிச்சம்" என்ற வார்த்தையைப் பிரசங்க பீடத்தில் வாசித்தால், எனக்கு அந்தச் சின்னப் பையன் தனியாகக் கடைக்கு நடந்து வருவதுதான் கண்ணில் நிற்கிறது.

தஞ்சாவூரில் ஊழியம் செய்த மிஷனரி சுவார்ட்ஸ் ஐயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1750-ல் தரங்கம்பாடியில் வந்து இறங்கி, 1798-ல் தஞ்சாவூரில் காலமானவர். 1780-களின் தொடக்கத்தில் ஹைதர் அலியின் படையெடுப்பால் தஞ்சாவூரில் பஞ்சம் வந்தது, கோட்டைக்குள் சனங்கள் செத்துக்கொண்டிருந்தார்கள். கிராமங்களில் தானியம் இருந்தது, ஆனால் குடியானவர்கள் மாட்டையும் தானியத்தையும் கொடுக்க மறுத்தார்கள். முன்பு எடுத்துக்கொண்டு போனவர்கள் காசு கொடுக்கவில்லை, ராஜா வாக்குக் கொடுத்தும் யாரும் நம்பவில்லை. அப்போது சுவார்ட்ஸ் ஐயர், பணத்துக்கு நான் பொறுப்பு என்று எழுதி அனுப்பினார். இரண்டொரு நாளில் ஆயிரத்துக்கு மேல் மாடுகள் வந்து சேர்ந்தன. தானியம் கோட்டைக்குள் போனது, வந்தவர்களுக்குச் சொன்னபடியே பணம் கிடைத்தது. மாட்டை ஓட்டி வந்தவர்களில் அவருடைய பிரசங்கத்தைக் கேட்டவர்கள் எத்தனை பேர் இருந்திருக்கப் போகிறார்கள்? பணம் வந்து சேரும் என்பது மட்டும் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. பின்னாளில் அவருக்குப் பளிங்கு நினைவுச் சின்னம் செய்வித்த சரபோஜி மன்னர் கடைசிவரை இந்துவாகவே இருந்தார் என்பதையும் சேர்த்து நினைத்துப் பார்க்கிறேன்.

இனி உங்கள் கடைக்கு வருவோம். கலப்புச் சரக்கை வாங்காதீர்கள். உடனே முடியவில்லை என்றால் தனியாக அடுக்கி, மூட்டையின் மேலேயே "கலப்பு" என்று எழுதி, அதற்குரிய விலையில் விற்றுத் தீருங்கள். "உள்ளதை உள்ளதென்றும், இல்லதை இல்லதென்றும்" என்றார் ஆண்டவர், அது மூட்டைக்கும் பொருந்தும். சுத்தமானதைக் கொஞ்சமாக விற்றாலும் சுத்தம் என்று விற்கலாம். நஷ்டம் வராது என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன், வரலாம். எங்கள் அப்பா கடைசிவரை சின்னக் கடைக்காரராகவே இருந்தார்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் நான் கேட்டாக வேண்டும். பருவம் இல்லாத மாதங்களில் பனையேறிகளுக்கு முன்பணம் கொடுப்பீர்கள் அல்லவா? பருவத்தில் அவர்கள் சரக்கைக் கொண்டுவரும்போது என்ன விலை போடுகிறீர்கள்? சந்தை விலையா, முன்பணம் வாங்கினவர் வாய் திறக்க முடியாது என்பதால் அதற்குக் கீழேயா? சீனி கலக்கச் சொல்லி அவர்களை நெருக்குவது பல நேரம் அந்த விலைதான். "வயல்களை அறுத்த வேலைக்காரருடைய கூலி" கூக்குரலிடுகிறது என்று யாக்கோபு எழுதியது பனங்காட்டுக்கும் சேர்த்துத்தான். அசனத்துக்குக் கொடுக்கிற அரிசியை ஊர் முழுக்கப் பார்க்கிறது. நீங்கள் போடுகிற விலையை அந்தப் பத்துப் பதினைந்து பனையேறிகள் மட்டும் பார்க்கிறார்கள். நம் கைக்குக் கீழே இருக்கிறவர்கள்தான் நம் விசுவாசத்தை முதலில் வாசிக்கிறவர்கள் அண்ணாச்சி. அவர்களிடமிருந்து தொடங்குங்கள்.

கேள்வி: தசமபாகம், அதாவது பத்தில் ஒரு பங்கு காணிக்கை, மொத்தச் சம்பளத்திலா, பிடித்தம் போக வருகிற தொகையிலா? (வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: கணக்கை உங்கள் மனச்சாட்சிக்கு விட்டுவிடுகிறேன். வெந்தயத்திலும் சீரகத்திலும் தசமபாகம் செலுத்தினவர்களிடம் ஆண்டவர் நீதியையும் இரக்கத்தையும் அல்லவா கேட்டார்? வீட்டுவேலை செய்கிற அம்மாவுக்குச் சம்பளம் எத்தனாம் தேதி கொடுக்கிறீர்கள் என்பதையும் அதோடு சேர்த்துப் பாருங்கள்.

கேள்வி: எனக்கு 19 வயது, கல்லூரியில் படிக்கிறேன். அப்பா சபையில் பெரியவர், அவர் ஜெபித்தால் எல்லோரும் கண்ணீர் விடுவார்கள். வீட்டில் அம்மாவைக் கை நீட்டி அடிக்கிறார். அடித்துவிட்டு அன்றைக்கே குடும்ப ஜெபமும் நடத்துகிறார். "மனைவி கீழ்ப்படிய வேண்டும் என்று வேதத்தில் இருக்கிறது" என்கிறார். எனக்கு ஆலயத்துக்குப் போகவே பிடிக்கவில்லை. நான் விசுவாசத்தை இழந்துவிட்டேனா? (வாசகி)

பதில்: மகளே, ஊர் பெயரை எழுதாமல் விட்டது நல்லதுதான். உன் கடிதத்தை மூன்று தடவை வாசித்தேன்.

நீ விசுவாசத்தை இழக்கவில்லை. நீ அருவருப்பது அந்தப் பாசாங்கை. ஆமோஸும் ஏசாயாவும் அதைத்தான் அருவருத்தார்கள். "தேவனுடைய நாமம் புறஜாதிகளுக்குள்ளே உங்களாலே தூஷிக்கப்படுகிறதே" என்று பவுல் எழுதினது, வேதத்தைக் கையில் வைத்துக்கொண்டு அதன்படி செய்யாதவர்களைப் பார்த்துத்தான்.

நான் செய்த ஒரு பாவத்தை உன்னிடம் சொல்ல வேண்டும். ஆயராக அபிஷேகம் பெற்று இரண்டாம் வருஷம். ஒரு கிராமத்துச் சபையில் இருந்தேன். ஒரு நாள் மத்தியானம் ஒரு அக்கா முகத்தில் காயத்தோடு என் வீட்டுக்கு வந்து திண்ணையில் உட்கார்ந்தார். அவர் கணவர் சபைக்கு மிகவும் வேண்டியவர். நான் 1 பேதுரு 3-ஆம் அதிகாரத்தைத் திறந்து, மனைவிகள் புருஷருக்குக் கீழ்ப்படிந்து, போதனையின்றி நடக்கையினாலேயே அவர்களை ஆதாயப்படுத்திக்கொள்ள வேண்டும் என்கிற முதல் வசனத்தை வாசித்தேன். "பொறுத்துக்கொள்ளுங்கள், ஜெபம் பண்ணுங்கள்" என்றேன். ஜெபித்து அனுப்பிவிட்டேன். அந்தக் கணவரிடம் போய் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால் சபையில் பிரச்சினை வரும் என்று பயந்தேன். அதை ஞானம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்த அக்கா அதன் பிறகு என்னிடம் எதையும் சொல்ல வரவில்லை. ஆராதனையில் கடைசி வரிசையில் உட்கார்ந்து, ஆசீர்வாதம் கூறும் முன்பே எழுந்து போய்விடுவார்.

அதே அதிகாரத்தின் ஏழாம் வசனத்தை நான் அன்றைக்கு வாசிக்கவில்லை. "உங்கள் ஜெபங்களுக்குத் தடைவராதபடிக்கு" மனைவிகளுக்குச் செய்யவேண்டிய கனத்தைச் செய்யுங்கள் என்று அது புருஷர்களைப் பார்த்துச் சொல்கிறது. அதை அந்த மனிதரிடம் கொண்டுபோக வேண்டியது என் வேலை. மனைவியைக் கனப்படுத்தாதவனுடைய ஜெபம் தடைபட்டு நிற்கும் என்று வேதமே சொல்கிறது, சபை எவ்வளவு கண்ணீர் விட்டாலும் சரி. கீழ்ப்படிதல் என்பது நான் தேவனுக்குச் செலுத்த வேண்டியது. பலவீனமானவரிடம் அடித்துப் பிடுங்குவதற்கு அந்தப் பெயரே கிடையாது.

இப்போது செய்ய வேண்டியவை. அம்மாவைத் தனியாக உட்கார வைத்துப் பேசு. அடிப்பது பாவம், குற்றமும்கூட. குடும்ப வன்முறைக்கு எதிராக 2005-ல் வந்த சட்டம் அம்மாவுக்குப் பாதுகாப்புக் கொடுக்கிறது. 181 என்ற எண்ணில் பெண்களுக்கான உதவி மையம் இருக்கிறது, எந்த நேரமும் கூப்பிடலாம். அடி விழும் நேரத்தில் நீ நடுவில் போய் நிற்காதே, அம்மாவையும் கூட்டிக்கொண்டு பக்கத்து வீட்டுக்கோ மாமா வீட்டுக்கோ போய்விடு. சபையில் நீ நம்புகிற ஒருவரிடம் சொல். அவர் "பொறுத்துக்கொள்" என்று சொன்னால் இன்னொருவரிடம் சொல். நான் செய்ததை அவரும் செய்யக்கூடும் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

ஆலயத்துக்குப் போவதைப் பற்றி நான் உன்னைக் கட்டாயப்படுத்தவில்லை. அப்பாவோடு ஒரே வரிசையில் உட்கார முடியவில்லை என்றால் வேறு ஆலயத்துக்குப் போ. கொஞ்ச நாள் வீட்டு மொட்டைமாடியில் சங்கீதம் வாசித்தாலும் ஆண்டவர் உன்னைத் தேடி அங்கே வருவார்.

கேள்வி: எனக்கு 78 வயது. பக்கவாதத்தில் வலது பக்கம் விழுந்து மூன்று வருஷமாகப் படுக்கையில் இருக்கிறேன். முன்பெல்லாம் ஓய்வுநாள் பள்ளி நடத்தினேன், ஆஸ்பத்திரியில் நோயாளிகளைச் சந்தித்து ஜெபித்தேன். இப்போது ஒன்றுமில்லை. கர்த்தருக்கென்று எதுவும் செய்யாமல் பிறருக்குப் பாரமாகக் கிடக்கிறேன். என் விசுவாசம் இனி யாருக்குத் தெரியப்போகிறது? (வாசகி, மதுரை)

பதில்: அக்கா, டோனாவூரில் பிள்ளைகளை வளர்த்த ஏமி கார்மைக்கேல் அம்மையாரை உங்களுக்குத் தெரிந்திருக்கும். 1931-ல் ஒரு பள்ளத்தில் விழுந்து காலொடிந்தார். அதன் பிறகு 1951-ல் இறக்கும்வரை ஏறக்குறைய இருபது வருஷம் பெரும்பாலும் தம் அறையிலேயே இருந்தார். அவரைத் தூக்கி எடுத்துப் பராமரித்தவர்கள் அவர் வளர்த்த பிள்ளைகள். தமக்குக் கல்லறைக் கல் வேண்டாம் என்று சொல்லியிருந்தார். அவர்கள் அந்த இடத்தில் பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு கல்தொட்டி வைத்து, "அம்மாய்" என்று மட்டும் பொறித்தார்கள்.

இதோடு, படுக்கையிலிருந்தும் கீழ்ப்படிய என்னென்ன வழிகள் இருக்கின்றன என்று உங்களுக்கு ஒரு பக்கம் எழுதி வைத்திருந்தேன். உங்களைக் கவனித்துக்கொள்கிற பெண்ணிடம் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்றும் அதில் எழுதியிருந்தேன். அப்புறம் உங்கள் கடிதத்தை உறையில் மடித்து வைக்கும்போது பின்பக்கத்தைப் பார்த்தேன். நீங்கள் சொல்லச் சொல்ல எழுதின அதே கையெழுத்தில், பென்சிலில் சில வரிகள் இருந்தன. உங்களுக்குத் தெரியாமல் எழுதியிருக்கிறார். வெளியிடலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். என் ஒரு பக்கத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு அதை வெளியிடுகிறேன், அவர் என்னை மன்னிக்கட்டும்.

"ஐயா, அம்மா தூங்கினப்புறம் இதை எழுதுறேன். நான் வேற சாமி கும்பிடுறவ. ராத்திரி எத்தனை தடவை எழுப்பினாலும் ஒவ்வொரு தடவையும் மன்னிச்சுக்கோன்னு சொல்லிட்டுத்தான் எழுப்புவாங்க. காலையில ஜெபத்துல என் பேரைச் சொல்வாங்க, எம் மவன் பேரையும் சொல்வாங்க. நான் வேலை பார்த்த வேற எந்த வீட்லயும் எம் மவன் பேரு தெரியாது."